அப்பாவின் ஐ.க்யூ. 97 என்கிறார்கள்: இந்த எண் யாரோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது?

கேள்வி: அச்சுக்கூடத்தார் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கும்பகோணத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கம்போசிட்டராக வேலை பார்த்தார். இடக்கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகள் இருக்கும் பெட்டியான கேஸைப் பார்க்காமலேயே வலக்கை விரல்களால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக அடுக்கிக்கொண்டே போவார். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கும் அந்த வரியை அப்படியே படித்துப் பிழையும் சொல்லிவிடுவார்.

கார்த்திகை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி இல்லை, ஸ்கேனிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அதன் பிறகு இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார் என்பதால், மருத்துவரின் யோசனைப்படி ஒரு தனியார் மருத்துவமனையில் உளவியல் சோதனை செய்தோம். இரண்டு மணி நேரம் நடந்த வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் அறிக்கையில் மொழிசார் புரிதல் 112, காட்சிவழிப் பகுத்தறிதல் 98, செயல்நினைவு 94, செயலாக்க வேகம் 82, மொத்த நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 97 என்று இருக்கிறது. அவற்றின் பொருளை விளக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நூற்றுக்கும் கீழே போய்விட்டது, இனி வாடகை வரவையும் வங்கிக் கணக்கையும் நான்தான் பார்க்க வேண்டும்" என்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் பாஸ்புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த 97 எதைக் குறிக்கிறது? யாரோடு ஒப்பிட்ட எண் இது? அப்பாவின் அறிவு குறைந்துவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியுமா?

பதில் 1: மாலை நடை

சகோதரி, மனம் கலங்க வேண்டாம். எனக்கு 68 வயது. பேரன் இரண்டு நொடியில் செய்வதை நான் கைப்பேசியில் செய்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகிறது. வயது ஏறினால் வேகம் குறைவது இயற்கை. அப்பாவின் வேக மதிப்பெண் 82 ஆக இருப்பதற்கும் வயதுதான் காரணம் என்று எண்ணுகிறேன். மொழியறிவு 112 என்று இருக்கும்போது அவருடைய புத்திக்கு என்ன குறை?

பதில் 2: சோதனை மேசை

நான் மருத்துவ உளவியலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய சோதனைகளை நடத்தி வருகிறேன். சோதனையின் வினாக்கள் வெளியே தெரிந்தால் அது பயனற்றுப்போகும் என்பதால் அவற்றைப் பற்றி எழுத மாட்டேன். எண்களின் பொருளைத் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில், மேலே எழுதிய ஐயாவின் ஆறுதலை ஒரு திருத்தத்தோடுதான் ஏற்க முடியும். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட அளவுகோலின் வழிவந்ததுதான் இன்று பயன்படும் சோதனை. அதற்கு முன்பு ஐ.க்யூ. என்பது மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கிப் பெறும் எண்ணாக இருந்தது. பத்து வயதுக் குழந்தைக்கு அது பொருந்தும், எழுபது வயதுக்காரருக்குப் பொருந்தாது. "எழுபதுக்குரிய மனவயது" என்று ஒன்றைக் கற்பனை செய்யவே வழியில்லை. ஆகவே வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவர் தம் வயதையொத்தவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதையே அளவாக்கினார். அந்தச் சராசரிக்கு 100 என்று பெயரிட்டு, மக்கள் அந்தச் சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவின் (திட்ட விலக்கம்) ஓர் அலகை 15 என்று வைத்தார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் 16 வயது முதல் 90 வயது வரை பதின்மூன்று வயதுப் பிரிவுகள் உள்ளன, உங்கள் அப்பா 70–74 பிரிவில் வருகிறார்.

ஆகவே உங்கள் அண்ணனிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, நூறு என்பது முழு மதிப்பெண் அல்ல என்பதுதான். 97 என்றால், இவருடைய வயதுப் பிரிவில் நூறு பேரை எடுத்துக்கொண்டால் சுமார் 42 பேர் இவருக்குக் கீழே இருப்பார்கள். அந்த எண்ணிலும் இரு பக்கமும் நான்கு புள்ளி அளவுக்குப் பிழை இடைவெளி உண்டு. 97க்கும் 100க்கும் இடையே பேசத்தக்க வேறுபாடு ஒன்றுமே இல்லை.

இதே காரணத்தால்தான் 82ஐ "வயதாகிவிட்டது" என்று தள்ளிவிடவும் முடியாது. வயதினால் வரும் இயல்பான மந்தம் அந்த எண்ணில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. இருபது வயது இளைஞரோடு அவரை யாரும் ஒப்பிடவில்லை. தம் வயதுக்காரர்களுள்ளேயே நூறு பேரில் சுமார் 12 பேர்தான் அவருக்குக் கீழே இருப்பார்கள் என்பதுதான் 82இன் பொருள். அதற்குக் காரணம் தேடத்தான் வேண்டும். மொழிசார் புரிதலுக்கும் வேகத்துக்கும் நடுவே முப்பது புள்ளி இடைவெளி இருக்கும்போது, நான்கையும் கலந்து 97 என்று ஒற்றை எண்ணாகச் சொல்வதையே நான் தவிர்ப்பேன். ஒரு கால் வெந்நீரிலும் ஒரு கால் குளிர்நீரிலும் நிற்பவருக்குச் சராசரி வெப்பம் சொல்வது போன்றது அது.

வயதுப் பிரிவு ஒப்பீட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பாவுக்கு 75 நிறைந்ததும் அவர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். அப்போது வேகச் சோதனையில் இதே வேகத்தில் இதே எண்ணிக்கையிலான குறிகளை எழுதினாலும், ஒப்பிடப்படுபவர்கள் இன்னும் மெதுவானவர்கள் என்பதால் எண் சற்று உயரக்கூடும். ஆகவே "போன தடவையைவிடக் கூடியிருக்கிறது" என்பதையும் "குறைந்திருக்கிறது" என்பதையும் மூல மதிப்பெண்ணை (வயதோடு ஒப்பிடுவதற்கு முன் பெற்ற நேரடி மதிப்பெண்ணை) கேட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இப்போது மூன்று விவரங்கள் எனக்கு வேண்டும். சோதனை எந்த மொழியில் நடந்தது? அப்பாவின் பார்வையும் செவியும் எப்படி இருக்கின்றன? அன்று எந்த நேரத்தில் உட்கார வைத்தார்கள்?

பதில் 3: எண்ணும் எழுத்தும்

கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன் நான். "குறைந்துவிட்டது" என்ற சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குறைந்தது என்று சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

இந்த எளிய செய்தியை அறிஞர்களும் நெடுங்காலம் கவனிக்காமல் விட்டார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நடத்திய சோதனைகளில் வயது கூடிய அதிகாரிகள் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள், வெக்ஸ்லர் சேகரித்த தரவிலும் இருபதுகளுக்குப் பிறகு வளைகோடு இறங்கியது. அதைப் பார்த்து, முப்பதிலேயே அறிவு தேயத் தொடங்குகிறது என்று எழுதினார்கள். ஆனால் அந்த வளைகோட்டில் இருந்தவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். இளைஞர் ஒருவர், முதியவர் வேறொருவர். முதியவர் பிறந்த காலத்தில் பள்ளி குறைவு, சத்துணவு குறைவு, சோதனைத் தாளைப் பார்த்த பழக்கமே இல்லை. இந்தியாவில் 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 2011இல் தமிழ்நாட்டில் அது சுமார் 80. இந்த இரு தலைமுறைகளையும் ஒரே தாளில் எழுத வைத்து, வேறுபாடு முழுவதையும் வயதின் மேல் ஏற்றினால் அது அளவே ஆகாது. ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் காட்டியதும் இதுதான்: பல நாடுகளில், பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம், பின்வந்த தலைமுறைகள் இச்சோதனைகளில் கூடுதலாக மதிப்பெண் பெற்றுவந்தன.

வார்னர் ஷாய் என்பவர் 1956இல் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே ஆட்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார். வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டபோது செங்குத்தாகத் தெரிந்த சரிவு, ஒரே ஆளைப் பின்தொடர்ந்தபோது பெரும்பகுதி காணாமல் போயிற்று. சராசரியாகப் பார்த்தால் பெரும்பாலான திறன்கள் அறுபதை ஒட்டித்தான் இறங்கத் தொடங்கின. மொழித்திறன் இன்னும் பிந்தித்தான் இறங்கியது. இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. நோயுற்றவர்களும் இறந்தவர்களும் மறுசோதனைக்கு வருவதில்லை, வருபவர்களுக்கோ முன்பு எழுதிய பழக்கம் கைகொடுக்கிறது. ஆகவே உண்மை இரண்டு வளைகோடுகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த தரவு ஸ்காட்லாந்தினுடையது. 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்து அந்நாட்டுப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே நாளில் ஒரே நுண்ணறிவுச் சோதனையை எழுதினார்கள். அவர்கள் 87,498 பேர். அந்தத் தாள்களின் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால், லாரன்ஸ் வாலியும் இயன் டியரியும் சரியாக அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1998 ஜூன் 1 அன்று, அபர்டீன் நகரில் எஞ்சியிருந்த சிலரைக் கூட்டி அதே சோதனையை எழுத வைத்தார்கள். வேறு நாள்களில் எழுதியவர்களையும் சேர்த்து 101 பேர். பதினொரு வயது மதிப்பெண்ணுக்கும் எழுபத்தேழு வயது மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண், முழுப் பொருத்தம் என்றால் 1) 0.63 வந்தது. அதாவது முதுமையில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு, பதினொரு வயதிலேயே இருந்த வேறுபாடு. எழுபத்தேழு வயதில் ஒருவர் குறைவாக மதிப்பெண் பெற்றால், "தேய்ந்துவிட்டார்" என்று சொல்லுமுன் "எங்கே தொடங்கினார்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கும் வசதி அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்தது, உங்கள் அப்பாவுக்கு இல்லை.

பதில் 4: கொள்ளிடக் கரை

அக்கா, என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கே போகாதவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் முப்பது மதிப்பெண் கொண்ட நினைவுச் சோதனை வைத்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொன்னார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். பதினாறு வந்தது. மறதி நோய் என்றே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் என் அம்மா தெருவில் இருபது பேர் கொண்ட ஏலச்சீட்டை நோட்டுப் புத்தகம் இல்லாமல் நடத்தியவர். மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். யாராவது பதினெட்டாயிரம் தள்ளி எடுத்தால், ஆளுக்குத் தொள்ளாயிரம் கழிவு, நாலாயிரத்து நூறு கட்ட வேண்டும் என்று, பூக்கட்டிக்கொண்டிருக்கும் விரல் நிற்காமலேயே சொல்வார். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலையும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு வேறு மருத்துவரிடம் காட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே மாற்றியமைத்த சோதனை இருக்கிறது என்று சொன்னார். ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமத்து முதியவர்களுக்காக 1990களில் உருவாக்கிய இந்திச் சோதனை அது. அதில் படிப்பதற்குப் பதிலாக, எதிரே இருப்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். எழுதுவதற்குப் பதிலாக வாயால் ஒரு வரி சொன்னால் போதும். அதே முறையில் தமிழில் கேட்டபோது அம்மா நன்றாகவே செய்தார். தைராய்டு குறைபாடுதான் அவரைச் சோர்வாக்கியிருந்தது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

உங்கள் அப்பாவுக்கு வைத்தது இந்தச் சோதனை அல்ல என்று தெரியும். இருந்தாலும் எண்ணைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதினேன்.

கேள்வியாளர்: அச்சுக்கூடத்தார் மகள்

எல்லோருக்கும் நன்றி. சோதனை மேசை ஐயா கேட்ட விவரங்களைச் சொல்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், "ஆங்கில வினாக்கள் தமிழில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறது. முன்பு அதை நான் கவனிக்கவில்லை. எந்த நாட்டினரின் சராசரியோடு ஒப்பிட்டார்கள் என்று குறிப்பிடவில்லை.

காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, மூன்று மணிக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். அப்பா காலையில் இட்லி சாப்பிட்டதோடு சரி, இடையில் ஒரு டீ குடித்தார். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. தை பிறந்த பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வந்தோம். இப்போது வீட்டில் நாளிதழை இடக்கண்ணுக்கு அருகில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்கிறார். நேற்று அவரிடம் கேட்டேன். "குறியெல்லாம் பொடிப்பொடியாக இருந்ததம்மா, ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துத்தான் எழுதினேன், பிழை வரக் கூடாது அல்லவா" என்றார். மெய்ப்புப் பார்த்த கை. அவசரமாகச் செய்யச் சொன்னாலும் அவரால் பிழையோடு விட முடியாது.

பதில் 5: சோதனை மேசை

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த அறிக்கையின் பெரும்பகுதி எனக்கு விளங்கிவிட்டது. வருத்தமாகவும் இருக்கிறது, ஏனென்றால் இவை எல்லாம் சோதனைக்கு முன்பு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

முதலில் கண். பால் பால்டெஸும் உல்மன் லிண்டன்பெர்கரும் பெர்லினில் 70 முதல் 103 வயது வரையிலான முதியவர்களைச் சோதித்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்குள் வயதையொட்டி நுண்ணறிவில் காணப்பட்ட வேறுபாட்டில் 93 விழுக்காடு பார்வைக் கூர்மையோடும் செவித்திறனோடும் சேர்ந்தே மாறியது. புலனும் மூளையும் ஒரே காரணத்தால் சேர்ந்து தளர்கின்றனவா, அல்லது புலன் மங்குவதாலேயே மதிப்பெண் குறைகிறதா என்பது நீண்ட விவாதம். ஆனால் புரை முற்றிய கண்ணோடு, நேரம் பார்த்துப் பொடிக்குறிகளை எழுத வைத்தால் வருகிற எண்ணை மூளையின் வேகம் என்று நான் எழுத மாட்டேன். அதோடு, பிழை செய்யாத பழக்கம் உடையவருக்கு வேகச் சோதனை எப்போதும் பாதகமானது. காலை முதல் காத்திருந்து பசியோடு மூன்று மணிக்கு உட்கார்ந்ததைத் தனியே சொல்லவே வேண்டாம். முதியவர்களில் பெரும்பாலோர் காலையில்தான் நன்றாகச் செய்வார்கள்.

அடுத்து மொழி. இதை நம் ஊரில் பேசுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். செயல்நினைவுப் பகுதியில் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏறத்தாழ எல்லாம் ஓரசைச் சொற்கள். தமிழில் "ஆறு", "எட்டு" போன்ற மிகச் சிறியவையே ஈரசை ஒலிப்பு உடையவை. "இரண்டு", "ஒன்பது" இன்னும் நீளம். மனத்துக்குள் சொல்லிப் பார்த்துத்தான் எண்களைத் தக்கவைக்கிறோம், ஆகவே சொல் நீண்டால் நினைவில் நிற்கும் எண்ணிக்கை குறையும். வெல்ஷ் மொழி பேசும் குழந்தைகள் இந்தப் பகுதியில் அமெரிக்கக் குழந்தைகளைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றதற்கு வெல்ஷ் எண்பெயர்களைச் சொல்ல அதிக நேரம் ஆவதே காரணம் என்று எல்லிஸும் ஹென்னெலியும் 1980இல் காட்டினார்கள். தமிழில் எண்களைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால், உங்கள் அப்பாவின் 94 உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். மொழிசார் புரிதல் 112 மட்டும் எப்படி உயர்ந்தது என்றால், அப்போதைக்கு மொழிபெயர்த்த சொல் மூலச் சொல்லைவிட எளிதாக அமைந்திருக்கலாம். அந்த எண்ணையும் நான் பெருமைக்குரியதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரு பக்கமும் நேர்மையாக இருக்க வேண்டும்.

பேராசிரியர் கேட்ட "எங்கே தொடங்கினார்" என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு குறுக்குவழி உண்டு. ஹேசல் நெல்சன் 1982இல் வெளியிட்ட வாசிப்புச் சோதனை அது. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் தொடர்பில்லாத ஐம்பது ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். முன்பே அறிந்தவரால்தான் அவற்றைச் சரியாக வாசிக்க முடியும். மறதி நோய் தொடங்கிய பிறகும் அந்தத் திறன் ஓரளவு நிலைப்பதால், பழைய அறிவுநிலையை அதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள். தமிழில் அப்படி ஒரு சோதனையை உருவாக்கவே முடியாது. எழுத்தறிந்த எவரும் வாழ்நாளில் கேட்டிராத சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிடுவார். ஆகவே நமக்குக் கிடைக்கும் சான்று வீட்டில்தான் இருக்கிறது. அப்பா வரவு செலவு நோட்டு எழுதுபவராக இருந்தால், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டையும் இந்த ஆண்டின் நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கூட்டல் பிழைகள், ஒரே பதிவு இருமுறை வருவது, தேதி விடுபடுவது, எழுத்து சிதைவது ஆகியவற்றைத் தேடுங்கள். மருந்தைத் தாமே சரியாக எடுத்துக்கொள்கிறாரா, தெரிந்த வழியில் தடுமாறுகிறாரா என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள். அடுப்பை மறந்த இரண்டு நாளும் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒப்பந்தம் செய்யத் தக்க மனநிலை உடையவரா என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12ஆம் பிரிவில், அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு அது தம் நலனை எப்படிப் பாதிக்கும் என்று பகுத்து முடிவெடுக்க அவரால் முடிகிறதா என்றுதான் கேட்கிறது. ஐ.க்யூ. எண் எதையும் அது கேட்கவில்லை. வாடகை எவ்வளவு, யார் பாக்கி, எந்தத் தேதியில் வரும் என்று அப்பாவிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் அறுவை சிகிச்சை முடிந்து புதிய கண்ணாடி வந்த பிறகு, உடனே மறுசோதனை வேண்டாம். சில மாதங்களுக்குள் அதே சோதனையைச் செய்தால் பழக்கத்தினாலேயே எண் கூடிவிடும். ஓராண்டாவது ஆகட்டும். அதற்குள் மறதி கூடுவதாகத் தோன்றினால் மட்டும் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இப்போதே தைராய்டு, பி12 இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. இரவில் தூக்கத்துக்கோ சளிக்கோ ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் மறதியை உண்டாக்கும்.

கேள்வியாளர்: அச்சுக்கூடத்தார் மகள்

ஐயா, சளிக்காக மருந்துக்கடையில் வாங்கிய ஒரு மாத்திரையை ஐப்பசியிலிருந்து தினமும் இரவில் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்கே இன்றுதான் தெரிந்தது. அட்டையை மருத்துவரிடம் நாளை எடுத்துப் போகிறேன்.

நோட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். 2014ஆம் ஆண்டு நோட்டிலும் இந்த ஆண்டு நோட்டிலும் கூட்டல் சரியாகவே இருக்கிறது. கார்த்திகைக்குப் பிறகு மட்டும் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு மேலேறிப் போகிறது. அண்ணனை அழைத்து இரண்டையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண் மருத்துவரிடம் நாள் வாங்கித் தருவதாகச் சொன்னார். பாஸ்புத்தகத்தை எடுத்து அப்பாவின் அலமாரியில் நான் திரும்ப வைத்துவிட்டேன்.